முதலில் செடி, கடைசியில் மீன்

மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாலையில் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். இரண்டடித் தொட்டி, ஒரு பை வண்ணக்கல், பிளாஸ்டிக் செடி, ஏர் மோட்டார், கூடவே பாலித்தீன் கவரில் ஆறு ஜோடி மீன். இரவுக்குள் தண்ணீர் நிரம்பி விளக்கும் எரிந்துவிடும். பத்து நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், அப்புறம் மிதக்கும். நமக்கு மீன் ராசியில்லை என்று பேச்சு முடிந்து தொட்டி மொட்டைமாடிக்குப் போய்விடும். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாங்கிய வரிசைதான் தவறு. செடியை முதலில் நட வேண்டும், அது வேர் பிடித்துத் துளிர்க்கும்வரை விட்டுவைக்க வேண்டும், மீனைக் கடைசியில் விட வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. எந்த ஊருக்கும் பொருந்துகிற விதிதான். ஆனால் கோபிசெட்டிபாளையம் போல கோடையில் அனல் பறக்கிற, பாதி வீடுகள் போர் தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் இதை மீறினால் விலை அதிகம். காரணம் தண்ணீரின் வேதியியலில் இருக்கிறது.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. பழைய தொட்டியில் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட் பெரிய கெடுதல் செய்யாது. புதுத் தொட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவுக்குப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். இடைப்பட்ட நாளில் மீன் தன் கழிவிலேயே நீந்துகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்கு அவ்வளவாகத் தீங்கில்லை. இன்னொன்று கரைந்த வாயுவாக இருக்கும் அம்மோனியா, அதுதான் செவுளை அரிக்கிற விஷம். எது எவ்வளவு என்பதை பிஎச் அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. பிஎச் 7, வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்றால் மொத்தத்தில் விஷ வடிவம் ஏறக்குறைய 0.6 சதவீதம்தான். பிஎச் 8 ஆகி வெப்பமும் 30 டிகிரியைத் தொட்டால் அது 7.5 சதவீதம். அதே தொட்டி, அதே மீன், அதே கழிவு, விஷம் மட்டும் பத்து மடங்குக்கு மேல். குளிரூட்டிய அறையில் மென்மையான தண்ணீரோடு தொட்டி வைத்தவர் எழுதிய குறிப்பைப் பார்த்து நாமும் வைத்தால் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு விடை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

ஆகவே தொட்டிக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து வயலை நனைக்கிற பகுதி இது. பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. ஆற்றுத் தண்ணீர் போர் தண்ணீரைவிட மென்மையானது. அதில் கலந்து வரும் குளோரின் மட்டும்தான் பிரச்சினை, அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் அதுவும் போய்விடும். போர் தண்ணீர் அப்படியல்ல. பாறையிடுக்கில் ஊறி வருவதால் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்து, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். வாட்டர் பில்டர் விற்க வருகிறவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி ஆயிரத்துக்கு மேல் என்று பயமுறுத்துவார். அந்த எண் கரைந்த உப்பின் மொத்தத்தைச் சொல்லுமே தவிர, அதில் சுண்ணாம்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. செடிக்கு முன்னது நல்லது, பின்னது ஆகாது. இதே காரணத்தால்தான் வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியிருந்தால் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது. அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத்தான் தருகிறது. டிடிஎஸ் மிக அதிகமென்றால் ஆர்ஓ தண்ணீரும் போர் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். வெறும் ஆர்ஓ தண்ணீரில் செடிக்கு வேண்டிய தாது எதுவும் இருக்காது. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரிலோ உப்பு இன்னும் அதிகம், அதைத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

செடி இங்கே என்ன செய்கிறது? அழகு இரண்டாவது. வேகமாக வளர்கிற நீர்ச்செடி தனக்கு வேண்டிய நைட்ரஜனை நைட்ரேட்டாக எடுப்பதைவிட அம்மோனியமாக எடுக்கவே விரும்புகிறது. பாக்டீரியா பெருகும்வரை காத்திருக்காமல் நட்ட சில நாளிலேயே விஷத்தின் மூலத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வாதத்தைத்தான் விரிவாக வைத்தார். மண் படுக்கை, நெருக்கமான செடி, குறைவான மீன், குறைவான கருவி என்ற அவருடைய முறை உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. யோசனையின் வேர் இன்னும் பழையது. 1850-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், சுமார் பன்னிரண்டு காலன் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும் வாலிஸ்நேரியா செடியும் வைத்து, தண்ணீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று தாங்கி வாழ்வதை அறிவித்தார். செடியின் பழைய இலை அழுகித் தண்ணீர் கலங்கியபோது குளத்து நத்தைகளைச் சேர்த்தார், அவை அழுகலைத் தின்று தெளியவைத்தன. பன்னிரண்டு காலன் என்பது ஐம்பத்துநான்கு லிட்டர் சொச்சம். இன்று கடையில் கிடைக்கும் இரண்டடித் தொட்டியின் அளவும் ஏறக்குறைய அதுவேதான். வாலிஸ்நேரியாவும் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் தானாக வளர்கிற செடி. மின்சாரமே வீட்டுக்கு வராத காலத்தில் அங்கே பலித்தது, இங்கே மோட்டார் நின்றால் முடிந்தது கதை என்று நாம் நினைப்பதுதான் வேடிக்கை.

இதற்கு உடனே எழும் மறுப்பு, சிலிண்டர் வைத்து கார்பன் டை ஆக்சைடு கொடுக்காமல் நீர்ச்செடி எங்கே வளரும் என்பது. ஜப்பானின் தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. தரையில் விரித்த பச்சைக் கம்பளமும் ரத்தச் சிவப்பு இலையும் வேண்டுமென்றால் சிலிண்டர் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் தொடக்கக்காரருக்கு அது வேண்டாம். போர் தண்ணீரில் சுண்ணாம்போடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து பைகார்பனேட்டும் கரைந்திருக்கிறது. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் போன்ற செடிகள் கார்பன் டை ஆக்சைடு தட்டுப்பட்டால் அந்தப் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறமை உள்ளவை. தலைமுடிக்கும் வாஷிங் மெஷினுக்கும் எதிரியான அதே தண்ணீர் இவற்றுக்குச் சாப்பாடு. போதாததற்கு, அடி மண்ணில் இலைதழை மட்கும்போது கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் குமிழி எண்ணிய ஹைட்ரில்லாவுக்கு எவரும் சிலிண்டர் பூட்டவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே செடித் தேர்வில் ஆசையைவிடத் தண்ணீருக்கு முன்னுரிமை கொடுங்கள். பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா. நடுவில் ஹைக்ரோஃபிலா, நீர்ப்பிரமி. முன்னால் இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டிடை, அது குறைந்த வெளிச்சத்திலும் சளைக்காது. கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்ட ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்த இரண்டின் கிழங்குத்தண்டை மட்டும் மண்ணில் புதைத்துவிடாதீர்கள், அழுகிவிடும். மேலே மிதக்க ஒரு பிடி செரட்டோஃபில்லம். நிறம் பார்த்து மயங்கி வாங்கப்படும் சிவப்பு ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்னிந்தியச் செடிதான், ஆனாலும் மென்மையான தண்ணீரும் கூடுதல் வெளிச்சமும் கேட்கும். நம் மண்ணின் செடி என்பதற்காக நம் போர் தண்ணீருக்குப் பழகிவிடாது. அளவில் கஞ்சத்தனம் கூடாது. முதல் நாளே தரையில் மூன்றில் இரண்டு பங்கு செடியால் மூடியிருக்க வேண்டும். நாலு செடியை நட்டுவிட்டு மெல்லப் பெருகட்டும் என்று விட்டால், காலி இடத்தையும் மிச்ச சத்தையும் பாசி பிடித்துக்கொள்ளும். தொடக்கத் தொட்டிகள் தோற்கும் இடம் இதுதான். ஃபில்டருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பாதியைச் செடிக்குத் திருப்புங்கள்.

வாய்க்காலிலேயே சும்மா கிடக்கிறதே, எதற்குக் காசு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய்க்கால் செடி வயலைக் கடந்து வந்த தண்ணீரில் வளர்ந்தது. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அதில் ஒட்டியிருக்கலாம், கூடவே அட்டையும் தும்பியின் இளம்புழுவும் வரும். தும்பிப் புழு நீருக்குள் வேட்டையாடுகிற பிராணி, சின்ன மீன்குஞ்சை விட்டுவைக்காது. எடுத்தே ஆக வேண்டுமானால் தனி பக்கெட்டில் இரண்டு வாரம் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, இலைக்கு அடியில் இருக்கும் முட்டைக் கொத்துகளைத் துடைத்தெடுத்த பிறகே தொட்டியில் நடுங்கள்.

மண் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் தண்ணீர் கலங்கிவிடும் என்று பயந்து பலர் வெறும் கல்லில் செடியைச் செருகிவிட்டு மாதம் ஒரு உர பாட்டில் வாங்குகிறார்கள். அடியில் ஓர் அங்குலம் மண், மேலே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் கழுவிய பொடிக்கல் இருந்தால் கலங்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கல் போதும். எந்த மண் என்பதுதான் கேள்வி. வயல் மண் வேண்டாம், அதில் யூரியாவும் டிஏபியும் ஏறியிருக்கும், தண்ணீரில் போட்டதுமே அம்மோனியா பொங்கும். நர்சரிப் பையில் விற்கும் கலவையும் வேண்டாம், சாணமும் தென்னைநார்த் தூளும் மிகுதி, ஒன்று அழுகும், இன்னொன்று மிதக்கும். உரம் காணாத இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சலித்து, பக்கெட்டில் ஊறவைத்து, மேலே மிதப்பதை வடித்து, இரண்டு மூன்று முறை அப்படியே செய்து, ஈர மாவுப் பதத்தில் பரப்புங்கள். கொங்கு மண்ணில் சுக்கான்கல் சர்வசாதாரணம். அழகுக்குப் போட எடுத்து வந்த கல்லின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அது தொட்டியில் மெல்லக் கரைந்து பிஎச் அளவைக் கீழே இறங்கவே விடாது. இரண்டாம் பத்தியில் சொன்ன 7.5 சதவீதக் கணக்கு அங்கே நிரந்தரமாகிவிடும்.

நடும்போது தண்ணீர் நாலு விரல் உயரம் இருந்தால் கை வசதியாக நிற்கும். வாலிஸ்நேரியாவின் வெள்ளை வேரும் பச்சை இலையும் சேரும் முண்டு கல்லுக்கு மேல் தெரிய வேண்டும். விரலால் ஆழமாகச் செருகி, பிறகு அரை அங்குலம் மேலே இழுத்துவிட்டால் சரியாக நிற்கும். அந்த முண்டு புதைந்தால் ஒரு வாரத்தில் செடி அடியோடு கழன்று மிதக்கும். வேரைப் பழுப்பு நீக்கி இரண்டு அங்குலமாக வெட்டிவிட்டால் புது வேர் சீக்கிரம் வரும். நட்டு முடித்ததும் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு வாரத்தில் கிரிப்டோகோரைன் இலை கண்ணாடிபோல் கரைந்து விழும். செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்க்கிறார்கள், நீருக்கேற்ற புது இலை அடியிலிருந்து வரும். கரைந்த இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி, தண்ணீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து எழுபது கிலோவைத் தாண்டும். பிளாஸ்டிக் மேசை தாங்காது. அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் விரித்தால் சின்ன மேடுபள்ளம் கண்ணாடியைக் கீறாது. ஜன்னல் வெயில் நேரடியாக விழாத சுவராகப் பாருங்கள். விளக்குக்கு 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை எல்இடி பட்டை, பதினைந்து இருபது வாட் போதும். தினம் ஆறு மணி நேரத்தில் தொடங்கி, செடி நன்றாகப் பிடித்தபின் எட்டுவரை போகலாம். டைமர் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஹீட்டர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள், இந்த ஊருக்கு எதிர்ப்பக்கம்தான் கவலை. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. சித்திரை வைகாசியில் மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து விட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படி ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுத்தான் போகிறது. குறைந்த அளவை போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஆடி மாதத்துக்குள் தொட்டி உவர் குட்டையாகிவிடும். நிரப்புவதற்கு மட்டும் மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள்.

செடி இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமே, மீன் திணறாதா என்பது அடுத்த மறுப்பு. எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. செடி நிறைந்து மீனும் நிறைந்த தொட்டியில் விடியற்காலையில் மீன் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். அதற்கு மருந்து மீனைக் குறைப்பதும் நீர்ப்பரப்பை அசையவிடுவதும்தான். ஏர் மோட்டாரில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் அந்த வேலையைச் செய்துவிடும். பெரிய பவர் ஃபில்டரின் வேகம் இந்த அளவு தொட்டிக்கு மிகை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற பயமும் இங்கே பாதியாகிறது. கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பை மோட்டாரிடம் மட்டும் விட்டுவிடாததால், எட்டு சின்ன மீன் உள்ள செடித் தொட்டி சில மணி நேரத்தைத் தாங்கிவிடும்.

மீன் இல்லாத அந்த மாதத்தைப் பற்றித்தான் வீட்டில் சண்டை வரும். குழந்தைகள் வெறும் செடியை எத்தனை நாள் பார்க்கும் என்பது ஒன்று. அதைவிட வலுவான ஆட்சேபம் கொசு. தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை முதிர்ந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்கு பரவுகிற காலத்தில் மீனில்லாத் தொட்டியைக் கூடத்தில் திறந்து வைப்பது பொறுப்பான செயல் ஆகாது. இதற்காக வரிசையை மாற்ற வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் நைலான் கொசுவலையை இழுத்துக் கட்டி மூடுங்கள், ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு நீர்ப்பரப்பை அசைத்துக்கொண்டிருங்கள். வாலிஸ்நேரியா பக்கவாட்டில் ஓடி புதுக் கன்று விட்டதும் இரண்டு ஆண் கப்பியை மட்டும் விடலாம். கன்று விட்டது என்றால் செடி சத்தை இழுக்கிறது என்று அர்த்தம், அந்த இரண்டு மீனின் கழிவு அதற்கு ஒரு பொருட்டில்லை. கொசுப்புழு ஒன்றுகூட மிஞ்சாது, குழந்தைகளுக்கும் பெயர் வைக்க ஆள் கிடைக்கும். மீதியை நான்கு வாரத்துக்குப் பிறகு, வாரத்துக்கு இரண்டு மூன்றாகச் சேருங்கள். அம்மோனியா டெஸ்ட் கிட் கையில் இருந்தால் அது பூஜ்யம் காட்டும் வாரமாகப் பார்த்துச் சேர்ப்பது இன்னும் உத்தமம்.

கடின நீருக்குக் கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் பொருத்தம். கப்பியில் ஆணை மட்டும் வைத்தால் பெருக்கத் தொல்லை இல்லை. தங்கமீன் இந்தத் தொட்டிக்கு ஆகாது, வளர்ந்தால் செடியைப் பிடுங்கித் தின்னும், கழிவும் ஏராளம். வாரிங்டன் வைத்தாரே என்றால், அவர் வைத்தது சின்னதாக இரண்டே இரண்டு. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கடையில் கட்டாயம் தலையில் கட்டும் டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளரும் கெளுத்தி. அந்த வேலைக்குச் செடியோடு வந்த நத்தையே போதும். நத்தை அளவுக்கு மீறிப் பெருகினால் தீனி அதிகம் போடுகிறோம் என்று பொருள். பாசியோ நத்தையோ அதிகமானதும் மயில்துத்தம் போட்டுவிடும் பழக்கம் விவசாய வீடுகளில் உண்டு. அதிலுள்ள செம்பு நத்தையை மொத்தமாகக் கொல்லும், செத்த நத்தை அழுகி அம்மோனியா ஆகும், செடிக்கும் மீனுக்கும் சேர்த்தே அடி விழும். விளக்கு நேரத்தைக் குறைத்து, வேகமாக வளரும் செடியைக் கூட்டுவதே பாசிக்கு வைத்தியம்.

பிறகு வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுவது, இரண்டு வாரத்துக்கொருமுறை ஸ்பாஞ்சை அந்த உறிஞ்சி எடுத்த தண்ணீரிலேயே அலசுவது, இவ்வளவுதான் வேலை. குழாயடியில் அலசினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். உறிஞ்சிய தண்ணீரைப் பூந்தொட்டிக்கு ஊற்றலாம். கத்தரித்த செடியைத்தான் எங்கே போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஆவளப் பாண்டி என்ற இடத்தில் வாய்க்கால் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா ஃபர்கேட்டா, தென் அமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்காக வந்த செடி. படம் எடுக்க அழகு, ஆனால் அப்படி நெருங்கி மூடினால் உள்ளூர்ச் செடிக்கு வெளிச்சமும் தண்ணீருக்கு ஓட்டமும் இருக்காது. டேங்க் கிளீனர் கெளுத்தியும் யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து விட்டதால்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் வலையில் மாட்டிக்கொண்டு மீனவருக்குத் தலைவலியாக இருக்கிறது. கோபியில் வாய்க்காலில் எறிவது பவானிக்கும், பவானி கூடுதுறையில் காவிரிக்கும் போய்ச் சேரும். வெட்டிய தழையை இரண்டு நாள் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எருக்குழியில் போடுங்கள். மிஞ்சிய மீனை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலான கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.